மின்சாரம் போனால் நினைவும் போகலாமா?



சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்து மூலையிலுள்ள மரப் பீரோவைச் சுத்தம் செய்யும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. உடைந்த சோதனைக் குழாய்கள், பழைய வினாத்தாள் கட்டுகள், ஓரம் அரிக்கப்பட்ட ஒரு தேசப்படம் ஆகியவற்றுக்கு அடியில், தடித்த துணி சுற்றிய பொறி ஒன்று இருந்தது. பார்வைக்குப் பெரிய தட்டச்சுப் பொறியைப் போலவே இருந்தது. மேல் வரிசையில் மட்டும் சிவப்பு நிறத்தில் பத்து விசைகள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதனுள் பதினோரு காசெட்டுகள்.

இந்தப் பொறியை என்ன செய்வது என்பதில் இப்போது நம் பள்ளியில் மூன்று கருத்துகள் உலவுகின்றன. பீரோவில் இடம் வேண்டும், பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. கண்ணாடிப் பெட்டியில் இட்டு வரவேற்பறையில் வைக்கலாம் என்பது இன்னொன்று. ஆய்வகத்திலேயே வைத்து ஓட்டலாம், ஆனால் அதன் உள்ளே எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது என்பது மூன்றாவது. நாங்களோ நான்காவது கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அந்தப் பொறி ஓட வேண்டும்; அதோடு, மின்சாரம் நின்றாலும் மறவாத ஒரு நினைவகத்தை பாட்டரியின் துணையோடு அதற்குப் பொருத்த வேண்டும். இது விளையாட்டுப் பேச்சு அன்று. ஏன் என்பதை முறையாகச் சொல்கிறோம்.

பொறியின் கதை

அது பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி. இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி., பொதுமக்களுக்குக் கணிப்பொறியைக் கற்பிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை 1982 ஜனவரியில் தொடங்கியது. அத்தொடருக்கென்று கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஏகார்ன் என்ற கம்பெனி 1981ல் செய்து கொடுத்த பொறி இது. இதன் பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். பிறகு அதே கம்பெனியில், அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஏ.ஆர்.எம். என்ற செயலி 1985ல் முதன்முதலாக ஓடியது. இன்று நம் பெற்றோரின் கைகளிலுள்ள செல்போன்களில் வேலை செய்வது அந்தச் செயலியின் வழிவந்தவையே.

நம் நாட்டுக்கு இது எப்படி வந்தது? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி அறிவு தருவதற்காக இந்திய அரசு 1984ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ பொறிகள் வழங்கப்பட்டன. பின்னர் இன்னும் பல பள்ளிகளுக்கு அத்திட்டம் விரிந்தது. நம் பள்ளியின் பழைய இருப்புப் பதிவேட்டை ஆய்வகச் சகோதரி தேடி எடுத்துக் காட்டினார்கள். 1986ஆம் ஆண்டுப் பக்கத்தில், நீல மையில், ‘கணிப்பொறி - 1, டேப்ரிகார்டர் - 1’ என்று எழுதியிருந்தது. அன்று அதில் பயின்ற அக்காமார் இன்று நம் அன்னையரின் வயதினர்; சிலர் பாட்டியாகவும் ஆகியிருப்பர்.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா டி.வி., ரேடியோ பழுதுபார்ப்பவர். அவரை வரவழைக்கச் சகோதரி அனுமதி தந்தார்கள். நாற்பது ஆண்டுப் பொறியை எடுத்தவுடன் பிளக்கில் செருகக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றோம். மின்சாரம் உள்ளே வரும் இடத்திலுள்ள கண்டென்சர்கள் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். அப்படியே இயக்கினால் புகை கக்கும். அவற்றை அவர் மாற்றிக் கொடுத்த பிறகு பழைய டி.வி. ஒன்றோடு இணைத்து சுவிட்சைப் போட்டோம். ‘பூ... பீப்’ என்று இரண்டு சுரத்தில் ஓர் ஒலி. ‘பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நாங்கள் கைதட்டிய ஓசையில் அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று நடந்தது

இனி நாங்கள் சொல்லப்போவதே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிஸ்கட் டின்னிலிருந்த காசெட்டுகளில் பத்து பூஞ்சை பிடித்திருந்தன. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. அதன் மேல் ‘தமிழ் எழுத்து - 1989’ என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது. டேப்ரிகார்டரில் இட்டு ஓட்டினோம். இப்பொறி காசெட்டிலிருந்து நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் படிக்கும். அதாவது நொடிக்கு நூறு எழுத்துக்குச் சற்று மேல். கீச்சுக் கீச்சென்ற ஒலியைக் கேட்டபடி காத்திருந்தோம். மூன்று முறை தவறி, நான்காம் முறை நிரல் முழுவதும் ஏறியது.

இப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 224 முதல் 255 வரை எண்ணிட்ட 32 எழுத்துகளை நாமே வரைந்துகொள்ள அது இடம் தருகிறது. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளிகளால் ஆனது. ஒரு வரிசைக்கு ஓர் எண்ணாக, ஓர் எழுத்துக்கு எட்டு எண்கள். ‘ட’ என்ற எழுத்தை வரைய 128 என்று ஏழு முறையும் 255 என்று ஒரு முறையும் கொடுத்தால் போதும். ‘ழ’ வரைய வேண்டுமானால் வரைந்து அழித்து, வரைந்து அழித்துப் பொறுமை கெட்டுவிடும். அந்த அக்காமார் உயிர் பன்னிரண்டு, மெய் வரிசைக்குப் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 வடிவங்களை வரைந்திருந்தார்கள். மிஞ்சிய ஒரே இடத்தில் துணைக்காலை வைத்திருந்தார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கக்கூட இடமில்லை. கொம்புக்கும் சுழிக்கும் இடமில்லை. ஆகவே அகர வரிசையாலும் துணைக்காலாலும் அமையும் சொற்களை மட்டுமே அவர்களால் எழுத முடிந்தது. நிரலை ஓட்டியதும் திரையின் நடுவில், கட்டை கட்டையான எழுத்தில் ஒரு சொல் வந்தது.

‘நலமா?’

நாங்கள் ஒருவரும் பேசவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே ஆய்வகத்தில் அமர்ந்திருந்த பெண்கள், யார் வருவார்கள் என்று அறியாமலேயே, அடுத்து வருபவரை நலம் விசாரித்திருந்தார்கள். ஒருத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்து எண்களைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். ‘அ’வுக்குரிய எட்டு எண்களில் ஐந்து எழுதியிருப்பாள், மின்சாரம் நின்றது.

பத்து நிமிடத்தில் மின்சாரம் திரும்பி வந்தது. பொறியும் ‘பூ... பீப்’ என்றது. ‘32கே’ என்றது. உள்ளே ஒன்றுமில்லை. மீண்டும் காசெட்டை ஓட்டினோம். இம்முறை நாடா டேப்ரிகார்டரின் உருளையில் சிக்கிச் சுருண்டுவிட்டது. மெல்லப் பிரித்து, பென்சிலால் சுற்றி, மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். கசங்கிய இடம் வந்ததும் ‘டேட்டா?’ என்று பொறி கேட்டுவிட்டு நின்றுவிடும். அது கேட்டதை எங்களாலும் கொடுக்க முடியவில்லை. அக்காமாரின் எழுத்துகள் போய்விட்டன. நோட்டுப் புத்தகத்தில் ஐந்து எண்கள் இருக்கின்றன.

மறதிக்குக் காரணம் என்ன?

கணிப்பொறி என்றாலே நினைவாற்றல் மிக்கது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறப்பதேன்? இதற்கு விடை தேடியபோது வியப்பான ஒன்றைக் கற்றோம். தொடக்கக் காலத்துக் கணிப்பொறிகள் பல மறக்கவே மறக்காதவை. அவற்றில் மிளகளவு காந்த வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு வளையமும் ஒரு பிட்டைக் காந்தத் திசையாகப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்கும். அந்த வளையங்களுக்குள் கம்பி கோத்தவர்கள் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களே. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1960ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்ற நம் நாட்டுக் கணிப்பொறியிலும் 2,048 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகமே இருந்தது.

1970ல் இன்டெல் கம்பெனி 1,024 பிட் கொண்ட ஒரு சில்லை வெளியிட்டது. விலை குறைவு, இடமும் குறைவு. அதன் வழிவந்த சில்லுகளே காந்த வளையத்தை ஓரங்கட்டின. ஆனால் அவ்வகைச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்புவதை நிறுத்தினால் குடம் காலி. நம் பி.பி.சி. மைக்ரோவின் 32 கிலோபைட்டும் இத்தகைய ஓட்டைக் குடங்களே. இவற்றை பாட்டரியால் காப்பது பெரும்பாடு.

ஆனால் வேறொரு வகைச் சில்லும் உண்டு. அதில் ஒரு பிட் என்பது கதவுத் தாழ்ப்பாள் போன்றது. ஒருமுறை தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே நிற்கும். நிரப்ப வேண்டியதில்லை. சொற்ப மின்சாரம் மட்டும் விடாமல் கிடைத்தால் போதும். மருந்து இங்கேதான் இருக்கிறது.

மருந்து எப்படிச் செய்வது?

நம் பொறியின் செயலி 65,536 இடங்களை மட்டுமே எண்ணத் தெரிந்தது. அதில் பாதி, 32 கிலோபைட், சாதாரண நினைவகம். 16 கிலோபைட், பொறியை நடத்தும் ஆணைத் தொகுதி. எஞ்சிய 16 கிலோபைட் இடம் ஒரு ஜன்னலைப் போன்றது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு சில்லுகள் வரை முறைவைத்து நிற்கலாம். கூப்பிட்ட சில்லு முன்னே வரும். பேசிக் மொழியும் அப்படி ஜன்னலில் வரும் ஒரு சில்லுதான். பெட்டியைத் திறந்தால் ஜன்னலுக்குரிய சாக்கெட்டுகள் நான்கு வரிசையாக இருக்கின்றன. நம் பொறியில் இரண்டு காலியாக உள்ளன. ஏகார்ன் கம்பெனி பிற்காலச் சேர்க்கைக்கென்றே விட்டுவைத்த இடம் அது.

அந்தச் சாக்கெட்டுக்கு 28 கால்கள். 62256 என்ற எண்ணுடைய தாழ்ப்பாள் வகைச் சில்லுக்கும் 28 கால்கள். 32 கிலோபைட் கொள்ளும் அச்சில்லில் பாதியே இந்த ஜன்னலுக்குப் போதும். ஏறத்தாழ எல்லாக் கால்களும் அப்படியே பொருந்திவிடுகின்றன. 27ஆம் கால் எழுது என்று ஆணையிடும் கால். அதைச் சாக்கெட்டில் செருகாமல் வெளியே மடித்து, பலகையில் உரிய இடத்திலிருந்து ஒரு கம்பி கொண்டுவர வேண்டும். 28ஆம் கால் மின்சாரம் பெறும் கால். அதையும் மடித்து, பொறியின் 5 வோல்ட்டும் 3 வோல்ட் பட்டன் செல்லும் சேரும் இடத்தில் இணைக்க வேண்டும். பொறி ஓடும்போது பொறியின் மின்சாரம். நின்றதும் செல்லின் மின்சாரம். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் டையோடுகள் காவல் நிற்கும். பொறியின் மின்சாரம் செல்லுக்குள் புகுந்துவிடக் கூடாது. லித்தியம் பட்டன் செல்லை சார்ஜ் செய்வது ஆபத்து.

இன்னொரு காவலும் வேண்டும். மின்சாரம் நிற்கும் அந்தக் கணத்தில் செயலி தள்ளாடும். கண்ட இடத்தில் கண்டதை எழுதிவிடும். எனவே மின்னழுத்தம் குறையத் தொடங்கியதுமே நினைவகத்தின் கதவைச் சாத்திவிட வேண்டும். அதற்கென்றே தனிச் சில்லு கடையில் கிடைக்கிறது. தவறுதலாக நாமே அழித்துவிடாமல் இருக்க, எழுதும் கம்பியில் ஒரு சிறு சுவிட்சும் வைக்கலாம்.

செல் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். சி.ஆர். 2032 என்ற செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அதாவது 2,20,000 மைக்ரோ ஆம்பியர் மணி. சில்லு உறங்கும்போது 5 மைக்ரோ ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் 44,000 மணி நேரம் வரும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே ஐந்து ஆண்டுகள். அந்தச் செல்லின் விலையோ ஒரு கட்டுரை நோட்டின் விலையை ஒட்டியது.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடக் கூடாதே! காலாண்டு விடுமுறைக்கு முன், தோழியின் அப்பா துணையோடு ஒரு சோதனை செய்தோம். பொறியின் பலகையில் எங்கும் சால்டரிங் வைக்கவில்லை. சில்லையும் டையோடுகளையும் தனிச் சாக்கெட்டில் கட்டி, அதைப் பொறியின் காலிச் சாக்கெட்டில் செருகினோம். எழுதும் கம்பியைக் கவ்வி ஒன்றால் மாட்டினோம். வரைதாளில் கட்டம் போட்டு ந, ல, ம, துணைக்கால் ஆகிய நான்கையும் நாங்களே புதிதாக வரைந்தோம். அக்காமார் வரைந்தது போல் வரவில்லை. அந்த நிரலைக் கோப்பாகக் கட்டிப் புதிய நினைவகத்தில் எழுதினோம். ஜன்னலில் வைத்த கோப்பைப் படிக்கும் வசதி இப்பொறிக்குப் பிறவியிலேயே உண்டு; நட்சத்திரக் குறியிட்டு ‘ரோம்’ என்று தட்டினால் போதும். பிறகு பொறியை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு விடுமுறைக்குப் போனோம். பதினொரு நாள் கழித்து வந்து இயக்கினோம். காசெட் இல்லை, காத்திருப்பு இல்லை. இரண்டே நொடியில் ‘நலமா?’ என்றது.

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டோம். நிரந்தரமாகப் பொருத்தலாமா என்பதை நிருவாகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

மறுப்புகளும் எங்கள் மறுமொழியும்

முதல் மறுப்பு: பழம்பொருளை மாற்றுவது அதன் பெருமையைக் குலைப்பதாகாதா? நியாயமான கேள்விதான். கோயில் கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு பூசினால் நாமும் எதிர்ப்போம். ஆனால் இங்கே அழிப்பது ஒன்றுமில்லை. செருகியதைக் கழற்றினால் பொறி பழையபடியே இருக்கும். மேலும், சேர்த்துக்கொள்வதற்கென்றே பிறந்த பொறி இது. பாட்டரியோடு கூடிய இத்தகைய நினைவகத்தை 1980களிலேயே இங்கிலாந்தில் சிறு கம்பெனிகள் விற்றன. 1986ல் ஏகார்ன் கம்பெனியே வெளியிட்ட மாஸ்டர் 128 என்ற அடுத்த பொறியில், கடிகாரத்தையும் பொறியின் அமைப்பு விவரங்களையும் காக்க ஒரு பாட்டரியை வைத்தார்கள். முன்னோர் செய்யாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் மறுப்பு: பாட்டரி கசிந்தால் பொறியே பாழாகுமே? இதை நாங்கள் முற்றிலும் ஒப்புக்கொள்கிறோம். 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த கணிப்பொறிகள் பலவற்றில் நிக்கல் காட்மியம் பாட்டரியைப் பலகையின் மேலேயே பற்றவைத்திருந்தார்கள். அவை வயதாகிக் கசிந்து, செம்புக் கோடுகளைத் தின்றுவிட்டன. அதே பீரோவில் இருந்த வேறொரு கணிப்பொறியைத் திறந்தபோது பலகையில் பச்சைப் பாசி போலப் படர்ந்திருந்ததை நாங்களே பார்த்தோம். அதனால்தான் நிக்கல் காட்மியம் வேண்டாம் என்கிறோம். பட்டன் செல்லையும் பலகையின் மேல் வைக்காமல், கழற்றி மாட்டும் தாங்கியில், பெட்டியின் ஓரத்தில் தனியாக வைக்க வேண்டும். அது சிறு குழந்தைகளின் வாய்க்கு எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். பட்டன் செல்லை விழுங்குவது உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் மறுப்பே வலுவானது. இன்று விரல் நக அளவு அட்டையில் ஆயிரமாயிரம் காசெட்டுகளை அடக்கிவிடலாம். பாட்டரியே வேண்டாத நினைவகச் சில்லுகளும் உண்டு. அப்படியிருக்க ஐந்து ஆண்டில் தீரும் செல்லை ஏன் நம்ப வேண்டும் என்று எங்கள் கணிப்பொறி ஆசிரியை கேட்டார்கள். அவர்களிடம் நாங்கள் உடனே விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தோம்.

அந்த அட்டையும் வேண்டும் என்பதே எங்கள் முதல் விடை. பாட்டரி நினைவகத்தில் மட்டும் ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. 1987ல் அமெரிக்காவில் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற விளையாட்டுப் பெட்டிக்குள், ஆடியவர் விட்ட இடத்தை நினைவில் வைக்க ஒரு பட்டன் செல் இருந்தது. அன்று ஆடிய சிறுவர்கள் பெரியவர்களாகி அதை எடுத்துப் பார்த்தபோது, செல் தீர்ந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே ஒரு பிரதி அட்டையில், ஒரு பிரதி காகிதத்தில், ஒரு பிரதி பொறியில் என மூன்று இடத்தில் இருக்கட்டும். அன்று அக்காமாரின் எண்களை யாரேனும் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் அவை இன்றும் நம்மிடம் இருந்திருக்கும்.

அப்படியானால் பாட்டரி எதற்கு? முதலில், சுவிட்சைப் போட்டவுடன் ஆறாம் வகுப்புத் தங்கைகூடப் பயன்படுத்தும்படி நிரல் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. பாடவேளை நாற்பது நிமிடம். அதில் பாதியைக் காசெட்டுக்குக் கொடுக்க முடியாது. இரண்டாவதாக, நம் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதற்காக. எழுதியதை அவ்வப்போது அந்த நினைவகத்துக்குள் வைத்துவிட்டால், அன்று எங்களுக்கு நேர்ந்தது இனி ஒரு வகுப்புக்கு நேராது.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலர் சிரிக்கலாம், ஆனாலும் சொல்கிறோம். இந்தப் பொறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீரோவில் கிடந்தது. அதை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை, அவ்வளவே. செல்லோ திறந்து பார்க்கச் சொல்லும். ‘என்னை மாற்றும் நாள் வந்துவிட்டது’ என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு ஒரு மாணவி வேண்டும், அவளுக்கு அடுத்து இன்னொருத்தி வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு செல்லை மாற்றும் பொறுப்பு பெரிய சுமை அன்று. ஆனால் அந்தச் சிறு பொறுப்பு இருக்கும்வரை இப்பொறி மறுபடியும் துணிக்குள் போகாது என்று நாங்கள் நம்புகிறோம்.

எங்கள் வேண்டுகோள்

நிருவாகத்தாரை நாங்கள் பணிவுடன் வேண்டுவது இது. பொறியைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்க வேண்டாம்; கண்ணாடிப் பெட்டியிலும் பூட்ட வேண்டாம். ஆய்வகத்தில் ஒரு மேசை தாருங்கள். பாட்டரி நினைவகத்தை நிரந்தரமாகப் பொருத்த அனுமதி தாருங்கள். மின்சாரம் உள்ளே வரும் பகுதியை மாணவியர் யாரும் திறக்க மாட்டோம். அது பெரியவர் வேலையாகவே இருக்கட்டும்.

தங்கையரே, உங்களுக்கு ஒரு வேலை. 1986ஆம் ஆண்டுப் பதிவின் கீழேயே, செல் மாற்றிய தேதி என்று ஒரு வரி எழுத ஆய்வகச் சகோதரி இசைந்திருக்கிறார்கள். கணக்கில் ஐந்து ஆண்டு வந்தாலும், மூன்றாம் ஆண்டே மாற்றிவிடுங்கள். முதலில் உள்ளிருப்பதை அட்டைக்கும் காகிதத்துக்கும் பிரதி எடுங்கள். பிறகு பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்லை மாற்றுங்கள். அப்போது நினைவகம் பொறியின் மின்சாரத்தில் இருக்கும்; ஒன்றும் அழியாது. ஆண்டுதோறும் தாங்கியைத் திறந்து கசிவு உண்டா என்று பாருங்கள். தீர்ந்த செல்லைக் குப்பையில் எறியாதீர்கள், சகோதரியிடம் கொடுங்கள்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்களில் சிலர் இப்பள்ளியின் பழைய மாணவியர். 1980களிலும் 1990களிலும் அந்த ஆய்வகத்தில் அமர்ந்தவர்கள் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய நோட்டு இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். எட்டு எட்டாக எண்கள் எழுதிய பக்கம் ஏதேனும் அதில் இருந்தால், உங்களுக்கு அது என்னவென்று நினைவில்லாவிட்டாலும், எங்களுக்குத் தெரியும். ‘ழ’வை எப்படி அந்த எட்டுக் கட்டத்துக்குள் அடக்கினீர்கள் என்று அறிய எங்களுக்கு மிகவும் ஆசை. நாங்கள் முயன்ற ஒன்பது ‘ழ’வும் ‘ம’ போலவே இருக்கின்றன.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருப்போம். அதன்பின் எங்களில் பலர் வேறு பள்ளிகளுக்குப் போவோம். அனுமதி கிடைத்தால் போகும் முன் செல்லைப் பொருத்தி, பதிவேட்டில் முதல் தேதியை எழுதிவிட்டுப் போகிறோம். அடுத்த தேதியை எழுதுபவர் இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பார். அவரே முன்வந்து ஆய்வகச் சகோதரியிடம் தம் பெயரைக் கொடுக்க வேண்டுகிறோம்.

- பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்